பம்பிங் 35: அப்பாவின் எடையைத் தினமும் கோவைக்கு அனுப்பும் பெட்டி

வடகிழக்குப் பருவமழை முடிகிற வரைக்கும் இதைப் பற்றி எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கரண்ட் போவது, டவர் போவது, சுவர் ஊறுவது எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில்தான். அதைத் தாண்டியும் ஓடினால்தான் கணக்கு. ஓடிவிட்டது. தை பிறந்த பிறகும் காலை ஏழு மணிவாக்கில் அப்பாவின் எடையும் பிரஷரும் கோவையில் இருக்கும் என் போனுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருக்கின்றன.

அப்பாவுக்கு 71 வயது. அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தபின் எக்கோவில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம். நெஞ்சுவலி இப்போது இல்லை, தொல்லை நீர் கோர்ப்பதில். கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும், ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டு நீரை வெளியேற்றி அனுப்புவார்கள். கடைசியாக டிஸ்சார்ஜ் ஆனபோது டாக்டர் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்: தினமும் காலையில் எடை, பிரஷர், நாடித்துடிப்பு. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே போன். உடம்பில் ஒரு லிட்டர் நீர் தங்கினால் தராசில் ஒரு கிலோ ஏறும். கால் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் அது பெரும்பாலும் தராசில் தெரிந்துவிடும். அதற்கு மேல் தத்துவம் எதுவும் இல்லை.

முதலில் நோட்டுதான். வீட்டில் பழைய முள் தராசு ஒன்று இருந்தது. அம்மா குனிந்து முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதி, அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பார்த்தால் 62, 62, 62 என்று வரிசையாக ஒரே எண். நான் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயிண்டனன்ஸ். நைட் ஷிப்ட் லாக் புக்கில் பன்னிரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை ஒரே டெம்பரேச்சர் எழுதியிருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே பட்டது. அம்மாமேல் தப்பு சொல்ல முடியாது. அந்த முள் அரை கிலோவுக்குக் கீழ் எதையும் காட்டாது, அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் அதுவும் தெரியாது.

அடுத்து, போனோடு பேசும் ப்ளூடூத் பிரஷர் மிஷின் ஒன்று வாங்கினேன், 3,200 ரூபாய். அளவெடுத்ததும் போன் ஆப்பில் தானாக ஏறும், அதை நான் இங்கிருந்து பார்க்கலாம் என்பது திட்டம். மிஷின் நல்ல மிஷின். ஆப்தான் கழுத்தறுத்தது. பிரஷர் பார்க்கும்போது ஆப் திறந்திருக்க வேண்டும், ப்ளூடூத் ஆனில் இருக்க வேண்டும், லொகேஷன் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். போன் ஒரு அப்டேட் ஆனால் அனுமதி எல்லாம் போய்விடும். அம்மா போன் செய்து, "தம்பி, என்னமோ அலோவ்-னு கேக்குது, அமுக்கவா?" என்பார். நான் மிஷின் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு எந்த அலோ என்று கேட்பேன். சில நாள் போனே பக்கத்து வீட்டில் சார்ஜில் இருக்கும். இரண்டு மாதத்து டேட்டாவில் பாதிக்கு மேல் ஓட்டை.

அந்த அனுபவத்தில்தான் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: அப்பாவோ அம்மாவோ எந்தத் திரையையும் தொடக்கூடாது. கையைப் பட்டையில் விடுவது, தராசில் ஏறுவது, இரண்டு பட்டன். அவ்வளவுதான் அவர்கள் வேலை. பிறகு எடுத்த முடிவுகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

பிரஷர் மிஷினோடு நேராகப் பேசுவது

போனுக்குப் பதில் கட்டில் பக்கத்தில் ஒரு இஎஸ்பி32 போர்டை (வைஃபையும் ப்ளூடூத்தும் உள்ள குட்டிக் கம்ப்யூட்டர்) வைத்துவிட்டால் அது நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும், யாரும் திறக்க வேண்டியதில்லை. போர்டு 450 ரூபாய். இது நடக்குமா என்பது மிஷின் பொது விதிப்படி பேசுகிறதா, கம்பெனியின் சொந்த பாஷையில் பேசுகிறதா என்பதைப் பொறுத்தது. போனில் ப்ளூடூத் ஸ்கேனர் ஆப் ஒன்றைப் போட்டு, அளவெடுத்து முடிந்த கையோடு பார்த்தால் தெரிந்துவிடும். பிரஷருக்கான பொது சேவை எண் 1810. அதற்குள் 2ஏ35 என்ற எண்ணில் அளவு வரும். என் மிஷினில் இரண்டும் இருந்தன. இல்லாத மிஷினை வாங்கியிருந்தால் இங்கேயே நின்றிருப்பேன், ஆகையால் வாங்கும் முன்பே கடையில் இதைச் சோதிப்பது நல்லது.

வரும் டேட்டா பொட்டலம் இப்படி இருக்கும் (பதின்ம எண்களில்): 14, 128, 0, 78, 0, 95, 0, பிறகு தேதி நேரத்துக்கு ஏழு, நாடிக்கு இரண்டு, கடைசியில் ஆள் எண்ணுக்கு ஒன்று. முதல் 14 என்பது "மி.மீ. கணக்கு, நேரம் உண்டு, நாடி உண்டு, ஆள் எண் உண்டு" என்று சொல்லும் கொடி. 128 மேல், 78 கீழ், 95 சராசரி. இதைப் பிரித்து எழுத ஒரு சாயங்காலம் போதும்.

சிக்கல் வேறு இடத்தில். இஎஸ்பி32-ல் வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் ஒரே ரேடியோ. மிஷின் அளவெடுத்து முடித்ததும் கொஞ்ச நேரம்தான் "நான் இருக்கிறேன்" என்று அறிவிக்கும். அந்த நேரத்தில் போர்டு வைஃபையில் மும்முரமாக இருந்தால் கோட்டைவிட்டுவிடும். அதோடு வழக்கமான ப்ளூடூத் நூலகத்தையும் (ரெடிமேட் புரோகிராம் தொகுப்பு) பாதுகாப்பான இணைய இணைப்பையும் ஒன்றாகப் போட்டால் மெமரி பற்றாமல் போர்டு ரீஸ்டார்ட் ஆகிறது. நிம்பிள் என்ற இலகுவான நூலகத்துக்கு மாறியதும் மெமரி பிரச்சினை தீர்ந்தது. வைஃபையை அணைத்தே வைத்து, அளவு கைக்கு வந்த பிறகு மட்டும் திறந்து அனுப்பிவிட்டு மறுபடி அணைப்பது என்று மாற்றியதும் கோட்டைவிடுவதும் நின்றது.

மிஷினில் பேட்டரி மாற்றினால் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விடும். ஒருமுறை அப்பாவின் பிரஷர் அட்டவணையில் பல வருடம் முந்தைய தேதியில் போய் உட்கார்ந்தது. மிஷின் சொல்லும் நேரத்தை நம்பாமல், போர்டு இணையத்திலிருந்து எடுக்கும் நேரத்தைப் போடலாம். ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. போர்டு கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களின் அளவுகளை மிஷின் சேர்த்து வைத்திருந்து, இணைப்பு கிடைத்ததும் மொத்தமாகக் கொட்டும். எல்லாவற்றுக்கும் வந்த நேரத்தைப் போட்டால் அப்பாவுக்கு ஒரே நிமிடத்தில் ஆறு பிரஷர். இப்போது இரண்டு நேரத்தையும் தனித்தனிப் பத்தியில் எழுதுகிறேன். கடைசி அளவுக்கு மட்டும் இரண்டும் ஒத்துப்போனால் மிஷின் கடிகாரம் சரி என்று எடுத்துக்கொள்கிறது, இல்லையென்றால் எனக்குச் சொல்கிறது.

இன்னொன்று: அம்மாவும் ஆசைக்கு அதில் பிரஷர் பார்த்துக்கொள்வார். 148/86 என்று ஒருநாள் அப்பா பெயரில் வந்து அக்கா திருச்சியிலிருந்து பதறிவிட்டாள். மிஷினில் ஒன்று, இரண்டு என்று ஆள் மாற்றும் பட்டன் இருக்கிறது. அதுவும் பொட்டலத்தில் ஒரு எண்ணாக வரும். இரண்டாம் ஆள் அம்மா. அம்மாவுக்கும் ஒரு பக்கம் திறந்து கொடுத்தாயிற்று.

எண் சரியாக வருவது ஒரு பாதி. எண்ணே சரியா என்பது மறுபாதி. அப்பா கட்டிலில் உட்கார்ந்து கையைத் தொடையில் வைத்துக்கொண்டு பார்ப்பார். கை இதயத்தைவிட 10 செ.மீ. கீழே இருந்தால் 7, 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். முதுகு சாய்ந்த பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூல் மேல் ஒரு தலையணை. பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. பேசாமல் இருப்பதுதான் அப்பாவுக்குக் கஷ்டம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அக்காவின் மிஷினோடு எங்கள் மிஷினை ஒரே உட்காரலில் ஒப்பிட்டோம், 4 புள்ளி வித்தியாசம். அது போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிடுவார்கள். அவர் வரும் நாள் தெரிந்தால் எந்த மிஷினையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தராசு

இதில்தான் அதிக நேரம் போனது, அதிக பலனும் இதில்தான்.

முதலில் கடையில் கிடைக்கும் கண்ணாடித் தட்டு டிஜிட்டல் தராசு, 650 ரூபாய். ஏறி இறங்கி மறுபடி ஏறினால் துல்லியமாக அதே எண். ஆச்சரியமாக இருந்தது. கையில் 200 மில்லி தண்ணீர் டம்ளரோடு ஏறிப் பார்த்தேன், அப்போதும் அதே எண். கொஞ்ச வித்தியாசம்தான் என்றால் புதிதாகக் காட்டாமல் பழைய எண்ணையே திருப்பிக் காட்டும்படி பல தராசுகளைச் செய்திருக்கிறார்கள். வாங்கியவர் "அடிக்கடி மாறுகிறதே" என்று திருப்பிக் கொடுக்காமல் இருக்க நல்ல வழி. நூறு, இருநூறு கிராமாக ஏறுவதைப் பிடிக்க நினைப்பவனுக்கு அது உதவாது.

தராசின் மூளைதான் பொய் சொல்கிறது, கால்கள் நிஜம். திருப்பிப் போட்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் நான்கு மூலையிலும் எடையை மின் சிக்னலாக மாற்றும் நான்கு லோடு செல், ஒவ்வொன்றிலும் மூன்று வயர். உள்ளே இருந்த போர்டைப் பிடுங்கிவிட்டு, அந்த சிக்னலை எண்ணாக மாற்றும் 80 ரூபாய் எச்எக்ஸ்711 போர்டையும், அதைப் படிக்க இன்னொரு இஎஸ்பி32 போர்டையும் வைத்தேன். வயர் கலரை நம்பக் கூடாது. மல்டிமீட்டரில் பார்த்தால் மூன்று வயரில் ஏதோ இரண்டுக்கு நடுவே கிட்டத்தட்ட 2 கிலோ ஓம், மற்ற ஜோடிகளில் 1 கிலோ ஓம் வரும். 2 காட்டும் ஜோடியை விட்டால் மிஞ்சுவது நடு வயர். நான்கு செல்லின் ஓர வயர்களைப் பக்கத்துச் செல்லின் அதே கலரோடு சேர்த்து ஒரு வளையமாகக் கட்ட வேண்டும். நடு வயர்களில் எதிரெதிர் மூலை இரண்டும் மின்சாரம் கொடுக்க, மற்ற இரண்டு மூலை சிக்னல் எடுக்க. வளையத்தில் ஒரு ஜோடி மாறினாலும், ஒரு பக்கம் ஏறினால் கூடும், மறுபக்கம் ஏறினால் குறையும். நான் முதலில் கட்டியது அப்படித்தான் நின்றது, மாற்றிக் கட்டியதும் சரி.

அளவுத் திருத்தத்துக்கு ஊர் மளிகைக் கடையில் முத்திரை போட்ட 20 கிலோ இரும்புக் கல் மூன்றை இரவல் வாங்கினேன். கடைக்காரர் மாமா, "என்னப்பா, ரேஷன் கடை வைக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு, பையனை அனுப்பித் தூக்கிவரச் செய்தார். 20, 40, 60 மூன்றிலும் பார்த்ததில் 60-ல் 60 கிராம் பிசகு. அப்பாவின் எடைப் பக்கத்திலேயே திருத்தம் செய்துவிட்டேன், 60-ல் சரியாக இருந்தால் போதும். பிறகு மூலைச் சோதனை: ஒரே கல்லை நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்தால் 150 கிராம் வரை ஆடியது. அதை மின்சாரத்தில் சரிசெய்ய மெனக்கெடவில்லை. அப்பாவின் இரண்டு பாதத்தையும் தட்டின் மேல் வைத்து, சுற்றி மஞ்சள் டேப் ஒட்டிவிட்டேன். தினமும் ஒரே இடத்தில் கால். தராசும் ஒரே இடத்தில், ரெட் ஆக்சைடு தரையில் மேடு பள்ளம் இல்லாத மூலையாகப் பார்த்து. முற்றத்து டைல்ஸில் வைத்தபோது ஒரு கால் இடுக்கில் மாட்டி 700 கிராம் குறைத்துக் காட்டியது.

கரண்ட் வயரைத் தரையில் இழுக்க அம்மா விடவில்லை. "அவரு தடுக்கி விழுந்தா உன் தராசு தூக்குமா?" நியாயம். பவர் பேங்க் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு கொஞ்சம் கரண்ட் எடுத்தால் யாரும் இல்லை என்று நினைத்து அதுவே அணைந்துவிடுகிறது. கடைசியில் 18650 என்ற ரீசார்ஜ் லித்தியம் செல் ஒன்று, போர்டு எப்போதும் தூக்கத்தில். சுவரில் கை எட்டும் உயரத்தில் ஒரு காலிங் பெல் சுவிட்ச். அதை அமுக்கினால் போர்டு விழித்து, ஆள் இல்லாத தட்டைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, "கீ" என்று சின்னதாகக் கத்தும். அப்போது ஏற வேண்டும். எண் நிலைத்ததும் நீளமாக ஒரு கத்தல், இறங்கலாம். செல்லை மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். அதற்கு போர்டில் எப்போதும் எரியும் சிவப்பு எல்இடியைப் பிடுங்க வேண்டியிருந்தது.

எண் ஆடிக்கொண்டே இருந்ததற்கும் வைஃபைதான் காரணம். அது திறக்கும் நொடியில் போர்டு கரண்டை இழுக்கிறது, வோல்டேஜ் தொங்குகிறது, லோடு செல் சிக்னல் குதிக்கிறது. இங்கேயும் அதே வைத்தியம்: முதலில் ஐந்து நொடிக்கு எடை எடுத்து, வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வைஃபை. கூடவே வோல்டேஜ் தொங்காமல் பிடிக்க 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று.

இவ்வளவும் செய்த பிறகும் சில நாள் 700 கிராம் ஏறி, மறுநாள் இறங்கியது. கால் இடமா, சாப்பாடா, செல்லா என்று கோவையிலிருந்தே மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். கண்டுபிடித்தது அம்மா. எடை ஏறிய நாளெல்லாம் அப்பா காலையிலேயே கொல்லைக்கோ கடைத்தெருவுக்கோ கிளம்ப பெல்ட் கட்டியிருந்த நாள். அகலமான பச்சை பெல்ட், அதில் சில்லறை, சாவிக்கொத்து, சுண்ணாம்பு டப்பா, பாஸ்புக்கில் மடித்த ரசீது. கழற்றித் தராசில் வைத்தார், 740 கிராம். இப்போது சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆணி. பெல்ட்டை மாட்டிவிட்டு, வேட்டியோடு மட்டும், காலைக்கடன் முடித்து, காபிக்கு முன்னால்.

நெட்வொர்க், கரண்ட்

வைஃபை இல்லாத வீடு. முதலில் 350 ரூபாய்க்கு 2ஜி சிம் மாட்டும் சின்ன மாட்யூல் வாங்கினேன். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது என்பதால் வேறு சிம். அது அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை கேட்கும். நான் கொடுத்த சப்ளையில் ஒவ்வொரு முறையும் மயங்கி விழுந்தது. சப்ளையைச் சரிசெய்தால் எங்கள் தெருவில் 2ஜி சிக்னல் ஒரு கோடு. தூக்கி டப்பாவில் போட்டுவிட்டேன். 1,800 ரூபாய்க்கு 4ஜி டாங்கிள், அதற்கும் கட்டில் பக்கப் போர்டுக்கும் சேர்த்து 1,100 ரூபாய் மினி யூபிஎஸ். சாதாரணக் கரண்ட் கட்டை அது தாங்கும். புயல் சமயத்தில் ராத்திரி முழுக்கப் போனால் தாங்காது. அதனால் இரண்டு போர்டும் அனுப்ப முடியாத அளவைத் தமக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை சேர்த்து அனுப்பும். கார்த்திகையில் ஒருமுறை டவர் இரண்டு நாள் இல்லை. வந்ததும் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. சிம் ரீசார்ஜ் தேதியை என் போனில் அலாரமாக வைத்திருக்கிறேன், செல் சார்ஜைப் போல இந்த ஏற்பாட்டில் தானாக நடக்காத இன்னொரு விஷயம் அது.

அளவுகள் போய்ச் சேருவது ஒரு கூகுள் ஷீட். அதற்குப் பின்னால் ஒரு ஆப்ஸ் ஸ்கிரிப்ட், அதாவது ஷீட்டோடு சேர்ந்து கூகுளிலேயே ஓடும் சின்ன புரோகிராம். அதில் ஒரு வேடிக்கை. ஸ்கிரிப்ட் வரியை எழுதி முடித்த பிறகு 200 (சரி) என்று பதில் சொல்லாமல், 302 என்று வேறு முகவரிக்குப் போகச் சொல்லும். என் போர்டு 200 வரவில்லை என்பதால் தோல்வி என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்பியது. ஷீட்டில் ஒரே எடை ஐந்து வரி. 302 வந்தாலும் சரி என்று எடுத்துக்கொள்ளச் சொன்னதும் நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு அளவுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, ஒரே எண் இரண்டாவது தடவை வந்தால் எழுதாமல் விடும்படி ஸ்கிரிப்டிலும் வைத்தேன். முகவரியோடு ஒரு ரகசியச் சொல்லும் சேர்ந்து வந்தால்தான் எழுதும். உடம்பு சம்பந்தப்பட்ட கணக்கு, முகவரி தெரிந்த எவரும் எழுதிவிடக் கூடாது.

யாருக்கு, எப்போது சொல்வது

ஷீட்டிலிருந்து டெலிகிராமுக்குச் செய்தி போகும். ஆரம்பத்தில் எல்லை தாண்டிய ஒவ்வொரு எண்ணுக்கும் எல்லோருக்கும் செய்தி. மேல் பிரஷர் 142 என்று வந்த ஐந்தாவது நிமிடம் அக்கா போன், பிறகு சித்தப்பா போன், பிறகு நான். அப்பா, "எல்லாரும் கூப்புட்டு கூப்புட்டே பிரஷர் ஏத்துறீங்கடா" என்றார். அடுத்த அளவு 150.

மாற்றிய விதிகள் இவை. பிரஷரில் இரண்டு அளவின் சராசரி மட்டும், அதுவும் இரண்டு நாள் தொடர்ந்து எல்லை தாண்டினால்தான். எல்லை எண்ணை டாக்டரிடம் கேட்டே போட்டேன். எடையை நேற்றோடு ஒப்பிடாமல், முந்தைய ஏழு நாளின் நடு எண்ணோடு ஒப்பிடுவது. ஒன்றரை கிலோ கூடினால் எனக்கு மட்டும், 2 கிலோ கூடினால் எனக்கும் அக்காவுக்கும். மெதுவாக ஏறினால் ஏழு நாள் நடு எண்ணும் கூடவே ஏறி ஏமாற்றிவிடும் என்பதால், டாக்டர் சொன்ன உலர் எடை (கூடுதல் நீர் இல்லாதபோதைய எடை) 61.5 கிலோவை நிலையான ஒப்பீடாகவும் வைத்திருக்கிறேன். 55-க்குக் கீழோ 70-க்கு மேலோ வந்தால் அது அப்பா இல்லை, தராசில் பேரன் குதிக்கிறான்.

இதைவிட உபயோகமானது, காலை எட்டரை மணிவரை எதுவும் வரவில்லை என்றால் வரும் செய்தி. ஆப்ஸ் ஸ்கிரிப்ட் கால் மணி நேரம் முன்பின்னாகத்தான் ஓடும், அது பரவாயில்லை. எண் வராத காலை என்றால் செல் தீர்ந்திருக்கும், சிம் தீர்ந்திருக்கும், இல்லை அப்பாவுக்கு எழ முடியவில்லை. எதுவானாலும் நான் போன் செய்ய வேண்டிய காலை.

இந்தக் கருத்து எனக்கு வந்தது படித்ததிலிருந்து. 2010-ல் அமெரிக்காவில் 1,653 இதய நோயாளிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. தினமும் போன் போட்டு, கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விக்கு எண்ணை அமுக்க வேண்டும். இறப்பும் மறு அட்மிஷனும் குறையவே இல்லை. அந்த வசதி தரப்பட்டவர்களில் 14 சதவீதம் பேர் ஒருமுறைகூட அதைத் தொடவில்லை. 2018-ல் ஜெர்மனியில் நடந்த சோதனையில் எடை, பிரஷர், இசிஜி எல்லாம் கருவியிலிருந்தே பெர்லினில் இருந்த ஒரு மையத்துக்குப் போயின, மையத்தில் 24 மணி நேரமும் டாக்டரும் நர்சும் பார்த்தார்கள். அங்கே ஆஸ்பத்திரியிலும் இறப்பாலும் இழந்த நாட்கள் வருடத்துக்கு 24.2-லிருந்து 17.8 ஆகக் குறைந்தன. எங்கள் வீட்டில் பெர்லின் மையம் கிடையாது. ஆளைக் கேள்வி கேட்காத கருவியும், எட்டரை மணிக்குப் பார்க்கிற ஒருவனும் இருக்கலாம்.

கார்த்திகை நடுவில் அது நிஜமாகவே வேலை செய்தது. எடை முதல் நாள் 900 கிராம் கூடியது, மறுநாள் 1.6 கிலோ, மூன்றாம் நாள் 2.2. ஒன்றரை தாண்டியதுமே அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், கருவாடு கிருவாடு எதுவும் இல்லை, உப்பு பார்த்துத்தான் போடுகிறேன் என்றார். காலை அமுக்கிப் பார்க்கச் சொன்னேன், குழி விழவில்லை. மூன்றாம் நாள் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அமுக்கி எடுத்தபோது லேசாகக் குழி. பிரஷர் 124-லிருந்து 131, அதை மட்டும் பார்த்திருந்தால் எதுவும் தோன்றியிருக்காது. டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "புதுசா ஏதாவது மாத்திரை?"

இருந்தது. மழையில் முட்டி வலி என்று மெடிக்கலில் சொல்லி வாங்கிய வலி மாத்திரை, ஐந்து நாளாக. அட்டையில் டைக்ளோஃபெனாக். இந்த வகை வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் தங்கவைக்கும், பம்பிங் குறைந்தவர்களுக்கு ஆகாது. அன்றே நிறுத்தச் சொல்லி, நீர் மாத்திரையைச் சில நாளைக்கு மாற்றிக் கொடுத்து, கிரியாட்டினின், பொட்டாசியம் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். எவ்வளவு மாற்றினார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவரவர் கிட்னியைப் பொறுத்தது, ஷீட்டைப் பார்த்து நாமாகக் கூட்டிக் குறைக்கிற விஷயமே இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் 61.6. அட்மிஷன் இல்லை.

டாக்டர் ஷீட்டைத் திறந்து பார்ப்பார் என்று நினைத்து லிங்க் அனுப்பியிருந்தேன். ஒருநாளும் திறக்கவில்லை, வெளியே நிற்கும் கூட்டத்தில் எப்படித் திறப்பார்? இப்போது செக்கப்புக்கு முந்தின நாள் ஒரே ஒரு ஏ4 தாள்: மேலே எடைக் கோடு, கீழே பிரஷர், ஓரத்தில் மாத்திரை மாறிய தேதிகள். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறார்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் ஒன்றும் 900 ரூபாய்க்கு வாங்கினேன். டாக்டர் கேட்கவே இல்லை, நானாக வாங்கியது. குளிர்ந்த விரலில் மனம்போல் காட்டுகிறது, அது காட்டுவதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அலமாரியில் இருக்கிறது.

செலவு: பிரஷர் மிஷின் 3,200, தராசு 650, எச்எக்ஸ்711 80, போர்டு இரண்டு 900, டாங்கிள் 1,800, யூபிஎஸ் 1,100, செல், சுவிட்ச், பஸ்ஸர், டப்பா, வயர் எல்லாம் சேர்த்து 300. மொத்தம் 8,030. வீணானது 2ஜி மாட்யூலும் ஆக்சிஜன் மீட்டரும், 1,250.

திரும்பச் செய்தால் முதலில் சுவரில் கைப்பிடி அடிப்பேன். கண்ணாடித் தட்டு 30 செ.மீ.தான், ஏறும்போது அப்பா ஒரு நொடி தடுமாறுவதை வீடியோ காலில் பார்த்த பிறகு அவசரமாக ஜிஐ பைப் ஒன்றை வளைத்து அடித்தோம். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டே நின்றால் எடை குறையும், ஆகவே நீளக் கத்தல் வருவதற்கு முன் கையை விட வேண்டும் என்று இன்னொரு பாடம். தட்டை 12 மி.மீ. பிளைவுட்டில் 45 செ.மீ. அகலமாகச் செய்தால் இந்தத் தொல்லை குறையும். லோடு செல் சாலிடர் இணைப்புகளுக்கு வார்னிஷ் பூசாமல் விட்டதில் மழைக்காலத்தில் பூஜ்யம் நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் வெறும் தட்டை அளந்துகொள்வதால் பிழைத்தது. அடுத்த முறை முதலிலேயே பூசிவிடுவேன்.

அக்கா தன் மாமனாருக்கு ஒன்று கேட்கிறாள். அவருக்குச் சர்க்கரை, குளுக்கோமீட்டர். அதற்கான பொது சேவை எண் 1808. பிரஷர் மிஷின் மாதிரி அது தானாகத் தள்ளாது, 2ஏ52 என்ற எண்ணில் எழுதிக் கேட்டால்தான் சேர்த்து வைத்த அளவுகளைக் கொடுக்கும். மீட்டர் தபாலில் வந்திருக்கிறது, ஸ்கேனரில் 1808 தெரிகிறது. கேட்கும் பகுதியை இந்த ஞாயிறு எழுத வேண்டும்.